சிலிக்கான் ஆனோடு: ஹாஃப் செல்லில் நன்றாக ஓடுகிறது, ஃபுல் செல்லில் 60 சுற்றில் படுத்துவிடுகிறது. ஏன்?

புதுக்கலன்

எல்லோருக்கும் வணக்கம். ஆறு மாதமாக லித்தியம் பேட்டரிக்கான சிலிக்கான் ஆனோடில் (சார்ஜ் ஆகும்போது லித்தியம் ஏறும் மின்முனை) வேலை செய்கிறேன். என் கலவை இதுதான்: 80 நானோமீட்டர் சிலிக்கான் பொடி 60%, கார்பன் பிளாக் 20%, சிஎம்சி பைண்டர் (துகள்களைப் பிடித்துவைக்கும் பசை) 20%. தண்ணீரில் கரைத்து, செம்புத் தகட்டில் பூசி, வெற்றிட அடுப்பில் காயவைக்கிறேன். மின்பகுளி (மின்முனைகளுக்கு நடுவே லித்தியம் அயனியைக் கடத்தும் திரவம்) வழக்கமான கார்பனேட் கரைசல், எல்ஐபிஎஃப்6 என்ற லித்தியம் உப்பு. வேறு எதுவும் சேர்க்கவில்லை.

லித்தியம் தகட்டை எதிரே வைத்துக் காயின் செல் கட்டினால் (ஹாஃப் செல் என்பது இதுதான்) 100 சுற்றுக்குப் பிறகும், அதாவது 100 முறை சார்ஜ், டிஸ்சார்ஜ் செய்த பிறகும், கொள்ளளவு 85% நிற்கிறது. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, அதே ஆனோடை என்எம்சி (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் ஆக்சைடு) கேத்தோடுடன் சேர்த்து, நிஜ பேட்டரி மாதிரி ஃபுல் செல் கட்டினேன். 60ஆவது சுற்றில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் மிச்சம். நான்கு செல்லிலும் இதே கதை. கேத்தோடைத் தனியாகச் சோதித்துவிட்டேன், அதில் குறையில்லை.

ஒரே ஆனோடு, இரண்டு விதமாக நடந்துகொள்கிறது. எங்கே தேடுவது?

துகள்

சிலிக்கான் என்றாலே முதல் சந்தேகம் விரிசல்தான் நண்பரே. கிராஃபைட்டில் ஆறு கார்பன் அணுவுக்கு ஒரு லித்தியம். அது அடுக்குகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துவிட்டு வெளியே வரும், கட்டமைப்பு அப்படியே இருக்கும், பருமன் 10% அளவுக்குத்தான் கூடும். சிலிக்கானில் அப்படி இல்லை. நான்கு சிலிக்கான் அணுவுக்குப் பதினைந்து லித்தியம் வரை ஏறுகிறது. சிலிக்கான் பிணைப்புகள் உடைந்து, புதிய உலோகக் கலவையே உருவாகிறது. பருமன் கிட்டத்தட்ட நான்கு மடங்கு ஆகிறது. கிராமுக்கு 3579 மில்லி ஆம்பியர் மணி என்ற கொள்ளளவும் (கிராஃபைட்டுக்கு 372), இந்த உப்பலும் ஒரே விஷயத்தின் இரண்டு பக்கம்.

முதல் சார்ஜில் இன்னொரு சிக்கல். படிகச் சிலிக்கானுக்கும் லித்தியம் ஏறிய பகுதிக்கும் நடுவே ஒரு கூர்மையான எல்லை உருவாகி, அது துகளுக்குள் நகர்கிறது. வெளிப்பக்கம் உப்புகிறது, உள்பக்கம் இன்னும் உப்பவில்லை. அந்த இழுவையில் பெரிய துகள் பிளந்துவிடும். எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள் செல்லை வைத்துப் பார்த்து 2012இல் ஒரு குழு அளந்தது: படிகத் துகள் சுமார் 150 நானோமீட்டருக்குக் கீழே இருந்தால் பிளப்பதில்லை.

உங்களுடையது 80. ஆக, துகள் பிளப்பதில்லை. ஆனால் துகளுக்கும் கார்பனுக்கும், பூச்சுக்கும் செம்புக்கும் இடையே உள்ள தொடர்பு அறுந்துகொண்டிருக்கலாம். நான் அங்கேதான் தேடுவேன்.

கணக்குப்பிள்ளை

தம்பி, துகள் சொன்ன அறிவியல் எல்லாம் சரி. ஆனால் தொடர்பு அறுந்தால் ஹாஃப் செல்லிலும் அல்லவா அறுந்திருக்க வேண்டும்? அங்கே 100 சுற்று ஓடியதே.

இரண்டு செல்லுக்கும் உள்ள ஒரே வித்தியாசம் லித்தியம் எவ்வளவு இருக்கிறது என்பதுதான். 250 மைக்ரான் லித்தியம் தகடு வைத்திருப்பாய் என்று நினைக்கிறேன். அதில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 50 மில்லி ஆம்பியர் மணி அளவுக்கு லித்தியம் கிடக்கிறது. உன் ஆனோடு அதிகபட்சம் 2 இருக்குமா? தேவையைப் போல 25 மடங்கு லித்தியத்தை எதிரே வைத்துக்கொண்டு ஓட்டுகிறாய். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் லித்தியம் வீணாய்ப் போனாலும் தகட்டிலிருந்து புதிது வந்து இடத்தை நிரப்பிவிடும். கொள்ளளவு வரைபடத்தில் அந்த இழப்பு தெரியவே தெரியாது.

ஃபுல் செல்லில் கேத்தோடில் இருக்கிற லித்தியம் மட்டும்தான் முதல். போனால் போனதுதான்.

ஒரு கேள்வி. ஹாஃப் செல்லில் கூலும்பிக் திறன், அதாவது ஏற்றிய சார்ஜில் திரும்பி வரும் பங்கு, எவ்வளவு? முதல் சுற்றிலும், அதற்குப் பிறகு சராசரியாகவும்.

புதுக்கலன்

ஐயா, முதல் சுற்றில் 80%. அதன் பிறகு சராசரி 99.0%. நல்ல எண் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன்.

கணக்குப்பிள்ளை

0.99ஐ 60 தடவை பெருக்கிப் பார். 0.547 வரும். பாதிக்குக் கொஞ்சம் மேல் என்றாயே, அதுதான் இது.

இந்தத் துறையில் 99% நல்ல எண் அல்ல. 99.9% என்றால்கூட 1000 சுற்றுக்குப் பிறகு மிஞ்சுவது 37% தான். 1000 சுற்றில் 80% நிற்க வேண்டுமென்றால் ஒவ்வொரு சுற்றும் 99.98% திரும்பி வர வேண்டும். கிராஃபைட் அந்த இடத்துக்கு எப்போதோ போய்விட்டது. சிலிக்கான் இன்னும் திணறுகிறது. கொள்ளளவு வரைபடத்தை மூடி வைத்துவிட்டு, கூலும்பிக் திறனை நான்காவது இலக்கம் வரை பார்க்கப் பழகு. உழைப்பு அங்கேதான் பலன் தரும்.

லித்தியம் எங்கே போகிறது என்றால், எஸ்இஐ படலத்துக்குள். ஆனோடின் மின்னழுத்தத்தில் மின்பகுளி நிலையாக இருக்காது, எத்திலீன் கார்பனேட் 0.8 வோல்ட் வாக்கிலேயே சிதையத் தொடங்கும். சிதைந்தது மேற்பரப்பில் படலமாகப் படிகிறது. கிராஃபைட்டில் அந்தப் படலம் ஒருமுறை உருவானால் தன்னைத்தானே காவல் காக்கும், மேற்கொண்டு சிதைவு மெல்ல மெல்ல நின்றுவிடும். சிலிக்கானில் துகள் உப்பும்போது படலம் கிழிகிறது, புதுச் சிலிக்கான் வெளியே தெரிகிறது, அங்கே மறுபடியும் படலம். சுருங்கும்போது பழைய படலம் கசங்கி உரிகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இதே வேலை. லித்தியமும் தீர்கிறது, மின்பகுளியும் தீர்கிறது, துவாரங்களும் அடைபடுகின்றன.

துகளைச் சிறிதாக்கினால் இது மோசமாகும் என்பதையும் கவனி. 80 நானோமீட்டர் உருண்டை என்று வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு கிராமுக்கு 32 சதுர மீட்டர் மேற்பரப்பு. 5 மைக்ரான் துகள் என்றால் அரை சதுர மீட்டர்தான். விரிசலைத் தடுக்க நானோவுக்குப் போனாய், அந்த நானோவே லித்தியத்தைத் தின்ன 60 மடங்கு இடம் கொடுத்துவிட்டது.

துகள்

கணக்கு சரியாக வருகிறது என்பதற்காக முடிவும் அதுதான் என்று சொல்ல மாட்டேன் ஐயா. கூலும்பிக் திறன் குறைவதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று நீங்கள் சொன்ன படலம். இன்னொன்று, லித்தியம் ஏறிய நிலையிலேயே ஒரு துகள் தொடர்பு அறுந்து தனித்துப் போய்விடுவது. சுருங்கும்போதுதான் தொடர்பு அறும். அப்போது அந்தத் துகளுக்குள் இருக்கும் லித்தியம் அங்கேயே சிறைப்படும். கணக்கில் இரண்டும் ஒரே மாதிரி இழப்பாகத்தான் தெரியும். ஆனால் வைத்தியம் வேறு. படலம் என்றால் மின்பகுளியை மாற்ற வேண்டும். சிறைப்பட்ட துகள் என்றால் பைண்டரையும் மின்சாரம் கடத்தும் கார்பன் வலையையும் மாற்ற வேண்டும்.

கணக்குப்பிள்ளை

முழுக்க ஒப்புக்கொள்கிறேன். அதற்கு ஒரு நேரான சோதனை உண்டு. தம்பி, செத்த ஃபுல் செல் ஒன்றை முழுதாக டிஸ்சார்ஜ் செய்து, காற்றுப் புகாத ஆர்கான் வாயுப் பெட்டிக்குள் திற. ஆனோடை டைமெத்தில் கார்பனேட்டில் மெதுவாக அலசி, புது லித்தியம் தகடு, புது மின்பகுளியுடன் மறுபடி ஹாஃப் செல் கட்டு. கொள்ளளவு திரும்பி வந்தால் ஆனோடு உயிரோடுதான் இருக்கிறது, பட்டினி கிடந்திருக்கிறது என்று பொருள். வராவிட்டால் துகள் சொல்வது சரி. வெளிக்காற்றில் மட்டும் திறக்காதே. ஆனோடில் லித்தியம் மிச்சமிருந்தால் சூடேறும்.

பசைக்காரி

சோதனை நடக்கட்டும். அதற்குள் பைண்டர் பற்றிச் சொல்லிவிடுகிறேன், என் வேலை அதுதான்.

சிஎம்சி தேர்ந்தெடுத்தது நல்லது. பிவிடிஎஃப் என்ற இன்னொரு பைண்டரைப் போட்டிருந்தால் 60 சுற்றே வந்திருக்காது. பிவிடிஎஃப் துகளைப் பலவீனமான ஈர்ப்பால்தான் பிடிக்கிறது, நான்கு மடங்கு உப்பலுக்கு அந்தப் பிடி போதாது. சிஎம்சி, பாலிஅக்ரிலிக் அமிலம், ஆல்ஜினேட் மூன்றிலும் கார்பாக்சில் தொகுதி இருக்கிறது. சிலிக்கான் மேலே எப்போதும் ஒரு மெல்லிய ஆக்சைடு தோல் இருக்கும், அதன் ஹைட்ராக்சில் தொகுதிகளோடு இவை கைகோத்துக்கொள்ளும். ஹைட்ரஜன் பிணைப்பு என்றால் அறுந்தாலும் மறுபடி ஒட்டும், அதில்தான் அழகு. பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டை 2011இல் ஒரு குழு சிலிக்கானுக்குப் பைண்டராகக் காட்டியபோது பலருக்கு நம்பிக்கை வந்தது. 2017இல் இன்னொரு குழு பாலிரோட்டாக்சேன் சேர்த்தது. நூலில் கோத்த வளையங்கள் நகரும் மாதிரி ஒரு மூலக்கூறு. இழுவை வரும்போது வளையங்கள் கப்பி போல நகர்ந்து பளுவைப் பகிர்ந்துகொள்ளும். மைக்ரான் அளவு துகள்கள் உடைந்தாலும் துண்டுகள் சிதறாமல் சேர்ந்தே இருந்தன என்பதுதான் அதில் முக்கியம்.

உங்கள் செய்முறையில் எனக்கு மூன்று கேள்வி.

ஸ்லரியின் (பூசுவதற்குக் கலந்த குழம்பின்) பிஹெச் என்ன? சிஎம்சியை அமிலப் பக்கம், பிஹெச் 3 அளவுக்குக் கொண்டுவந்து பூசினால், காயும்போது சிலிக்கான் மேற்பரப்போடு எஸ்டர் பிணைப்பு உருவாகிறது. நடுநிலையில் பூசியதைவிட இது நெடுநாள் நிற்கிறது.

கலந்த ஸ்லரியை எவ்வளவு நேரம் வைக்கிறீர்கள்? நானோ சிலிக்கான் தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் விடும், காரப் பக்கம் போகப் போக வேகமாக. பூச்சில் ஊசித்துளை மாதிரி தெரிந்தால் அது குமிழிதான். ஒரு முறை இரவு முழுக்க மூடி இறுக்கி வைத்த புட்டியை நான் காலையில் திறந்தபோது மூடி கையிலிருந்து பறந்தது. அதிலிருந்து ஸ்லரியை மூடி இறுக்கி வைப்பதே இல்லை, கலந்த அன்றே பூசிவிடுகிறேன்.

கார்பன் பிளாக் 20% ஏன்? அது புள்ளி புள்ளியாகத் தொடும். துகள் உப்பிச் சுருங்கும்போது புள்ளி விலகிவிடும். ஒற்றைச்சுவர் கார்பன் நானோகுழாய் 0.1% போட்டாலே நீளமான நூல் வலை கிடைக்கும், துகள் நகர்ந்தாலும் நூல் கூடவே வரும். கார்பன் பிளாக்கைப் பாதிக்கு மேல் குறைக்கலாம். அதன் மேற்பரப்பும் படலத்துக்கு இரைதான் என்பதை மறக்க வேண்டாம்.

புதுக்கலன்

அக்கா, பிஹெச் அளந்ததே இல்லை. ஸ்லரியை இரவு முழுக்கக் கலக்கவிட்டு மறுநாள்தான் பூசுகிறேன். பூச்சில் சின்னச் சின்னப் புள்ளிகள் இருந்தன, தூசி என்று நினைத்துவிட்டேன்!

வானோடி

நடுவே வருவதற்கு மன்னிக்கவும். நான் ஆராய்ச்சியாளன் இல்லை, ட்ரோன் ஓட்டுகிறேன். சிலிக்கான் கலந்த பேட்டரிதான் இப்போது வாங்குகிறேன், எடைக்குப் பறக்கும் நேரம் அதிகம். ஆனால் சீக்கிரம் தளர்ந்துவிடுகிறது. இதெல்லாம் படித்தபோது ஒன்று கேட்கத் தோன்றியது. பயன்படுத்துகிறவன் பக்கம் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

துகள்

இருக்கிறது, பலருக்குத் தெரியாத ஒன்று. உங்களுடையது முழுச் சிலிக்கான் இல்லாமல் கிராஃபைட்டில் கொஞ்சம் சிலிக்கான் கலந்த ஆனோடாக இருந்தால், இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை. டிஸ்சார்ஜில் முதலில் கிராஃபைட் தன் லித்தியத்தைக் கொடுக்கும். கிராஃபைட் காலியாகி, ஆனோடின் மின்னழுத்தம் லித்தியத்தை ஒப்பிட 0.25 வோல்ட்டுக்கு மேல் போன பிறகுதான் சிலிக்கான் பெருமளவு கொடுக்க ஆரம்பிக்கும். அதாவது, பேட்டரி நிறைந்திருக்கும்போது சிலிக்கான் பெரும்பாலும் சும்மா உப்பியபடி இருக்கிறது. கடைசி கால்பங்கு சார்ஜில்தான் அது சுருங்கி, மறுபடி சார்ஜ் போடும்போது உப்புகிறது.

ஆகவே ஒவ்வொரு முறையும் அடிவரை வற்றடித்தால் சிலிக்கானை ஒவ்வொரு முறையும் முழுதாக ஆட்டிவைக்கிறீர்கள். 25 அல்லது 30 சதவீதத்தில் இறக்கிவிட்டால் அதற்கு வேலையே வராது. இப்படிப்பட்ட கலவை செல்களில் 0 முதல் 30% வரைக்குள் மட்டும் ஓட்டிப் பார்த்தவர்கள், சிலிக்கான் பகுதி வேகமாகச் சாவதையும் கிராஃபைட் பகுதி பெரும்பாலும் அப்படியே இருப்பதையும் பார்த்திருக்கிறார்கள்.

வானோடி

நான் இதுவரை தலைகீழாகச் செய்திருக்கிறேன். 100 வரை ஏற்றக் கூடாது என்று 80இல் நிறுத்திவிட்டு, கீழே 5% வரை பறப்பேன்.

கணக்குப்பிள்ளை

80இல் நிறுத்துவது கேத்தோடுக்கும் மின்பகுளிக்கும் நல்லதுதான், அதை விட வேண்டாம். கீழ்ப்பக்கத்தை உயர்த்துங்கள். பறக்காத நாட்களில் நிறையச் சார்ஜோடு அலமாரியில் வைக்காதீர்கள், நடுவில் வையுங்கள். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன், தம்பியின் செல்லுக்கும் அது வரும்.

திண்மம்

கணக்குப்பிள்ளை ஐயாவின் பேச்சுக்கு ஆதரவாக ஒன்று. 2021இல் சயின்ஸ் இதழில் ஒரு முடிவு வந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியகோ குழு, எல்ஜியுடன் சேர்ந்து செய்தது. மைக்ரான் அளவு சாதாரணச் சிலிக்கான் 99.9%, கார்பனே சேர்க்கவில்லை, எதிரே சல்ஃபைடு திண்ம மின்பகுளி. நானோ இல்லை, விசேஷப் பூச்சு இல்லை. 500 சுற்றில் 80% நின்றது.

காரணம் எளிது. திரவ மின்பகுளி ஒவ்வொரு இடுக்கிலும் புகுந்து ஒவ்வொரு துகளையும் நனைக்கும். திண்ம மின்பகுளி புகாது. ஆனோடின் ஒரு பக்கத்தை மட்டும் தட்டையாகத் தொடும். படலம் அந்த ஒரு தளத்தில் மட்டும் உருவாகி நின்றுவிடுகிறது. உள்ளே சிலிக்கான் உப்பட்டும், விரியட்டும், புதுப் பரப்பைத் தொட மின்பகுளி அங்கே இல்லை. துகள் விரிசலே கொலைகாரன் என்றால் மைக்ரான் சிலிக்கான் அங்கே பிழைத்திருக்காது.

குறையையும் சொல்ல வேண்டும். ஓடும்போது 50 மெகா பாஸ்கல் அழுத்தம் வைத்தார்கள். கிட்டத்தட்ட 500 வளிமண்டல அழுத்தம். ஒரு காரின் பேட்டரிப் பெட்டியில் அதை எப்படி வைப்பது என்பது பெரிய கேள்வி.

துகள்

அழுத்தமும் ஒரு பைண்டர்தான், அதைச் சொல்லிவிடுகிறேன். 50 மெகா பாஸ்கல் கொடுத்தால் அறுந்த தொடர்பும் மறுபடி ஒட்டும். ஆனால் திண்மம் சொன்ன அடிப்படையை ஏற்கிறேன்.

திரவத்திலேயே இதைச் செய்யப் பார்த்த வரலாறும் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் யி சுய் குழு 2008இல் நானோகம்பிகளோடு ஆரம்பித்தது. கம்பிகளுக்கு நடுவே இடம் இருந்ததால் உப்பலைத் தாங்கின, ஆனால் படலம் வளர்ந்துகொண்டே போனது. 2012இல் உள்ளீடற்ற குழாய் செய்து, வெளிப்பக்கம் ஆக்சைடு ஓடு போட்டார்கள். ஓடு வெளியே விரிய விடாது, சிலிக்கான் உள்ளே பார்த்து உப்பும், மின்பகுளிக்குத் தெரிவது அசையாத ஓடு மட்டும்தான். 6000 சுற்று ஓடியது. 2014இல் மாதுளை மாதிரி: சின்னச் சின்னச் சிலிக்கான் முத்து, ஒவ்வொன்றைச் சுற்றியும் காலி இடம், எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கார்பன் தோல். 1000 சுற்றுக்குப் பின் 97%.

இந்தப் படிகள் எல்லாவற்றிலும் ஒரே யோசனைதான் வளர்கிறது. உப்பலை நிறுத்த முடியாது, அதை உள்ளே திருப்பிவிடு, வெளிப்பரப்பை அசையவிடாதே. இன்று சந்தைக்கு வந்திருக்கும் சிலிக்கான்-கார்பன் பொடியும் அதே யோசனையின் மலிவான வடிவம். துவாரம் நிறைந்த கார்பனை எடுத்து, சிலேன் வாயுவைச் செலுத்திச் சூடாக்கினால், சில நானோமீட்டர் துவாரங்களுக்குள் படிகமில்லாத சிலிக்கான் படிகிறது. துவாரத்தை முழுக்க நிரப்பாமல் விட்டால் உப்புவதற்கு இடமும் கிடைக்கும். வெளியே மின்பகுளி தொடுவது கார்பனைத்தான். அமெரிக்காவில் க்ரூப்14 நிறுவனம் போகும் வழி இதுதான். 2023இல் ஹானர் நிறுவனம் தன் கைப்பேசியில் சிலிக்கான்-கார்பன் ஆனோடு என்று அறிவித்ததிலிருந்து இந்தப் பெயர் பொதுமக்கள் காதுக்கும் போய்விட்டது. சிலேன் காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் வாயு என்பதால் இதைச் சின்ன ஆய்வகத்தில் முயல வேண்டாம்.

புதுக்கலன்

சோதனை முடிந்தது. கணக்குப்பிள்ளை ஐயா சொன்னபடி இரண்டு செத்த செல்களைத் திறந்தேன். ஆனோடின் முதல் கொள்ளளவு 2.0 மில்லி ஆம்பியர் மணி. ஃபுல் செல் சாகும்போது, புதிதாக இருந்தபோது கொடுத்ததில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் கொடுத்தது. அதே ஆனோடு புது லித்தியத்தோடு 1.6 கொடுக்கிறது. இரண்டாவது செல்லில் 1.7.

பிரித்தபோது பார்த்தது: பூச்சு செம்பை விட்டு உரியவில்லை. பிரிப்பான் (இரண்டு மின்முனைக்கும் நடுவே மின்பகுளியில் நனைந்திருக்கும் சவ்வு) கிட்டத்தட்ட உலர்ந்திருந்தது. புதிதாகக் கட்டும்போது சொட்டச் சொட்ட விட்டிருந்தேன்.

துகள்

80 முதல் 85% திரும்பிவிட்டதா? சரி, பெரும்பங்கு லித்தியப் பட்டினிதான். என் ஊகம் சிறு பங்குக்குத்தான் பொருந்துகிறது. அந்த 15, 20% உண்மையிலேயே தனித்துப்போன சிலிக்கான், பைண்டரும் நானோகுழாயும் பார்த்துக்கொள்ள வேண்டியது.

கணக்குப்பிள்ளை

உலர்ந்த பிரிப்பானைக் கவனித்தாய் பார், அது முக்கியம். காயின் செல்லில் தேவைக்கு மேல் பல மடங்கு மின்பகுளி ஊற்றுகிறோம். அதுவே தீர்ந்திருக்கிறது. விற்பனைக்கு வரும் பை செல்லில் ஒரு ஆம்பியர் மணிக்கு இரண்டு மூன்று கிராம் மின்பகுளிதான். அங்கே இன்னும் சீக்கிரம் வறண்டிருக்கும்.

இனிச் செய்ய வேண்டியதை என் மனதில் உள்ள வரிசையில் சொல்கிறேன்.

மின்பகுளியில் எஃப்இசி 10% சேர். ஃப்ளூரோஎத்திலீன் கார்பனேட். எத்திலீன் கார்பனேட்டுக்கு முன்னாலேயே அது சிதைந்து, லித்தியம் ஃப்ளூரைடும் வளையக்கூடிய பாலிமரும் சேர்ந்த படலத்தைப் போடும். அந்தப் படலம் கிழிவது குறைவு. நீ ஒன்றும் சேர்க்காமல் ஓட்டினாய் என்பதால் இந்த ஒரு மாற்றத்திலேயே பெரிய வித்தியாசம் தெரியும். ஆனால் எஃப்இசி தியாகம் செய்யும் பொருள். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தீரும், முழுக்கத் தீர்ந்த அன்று கொள்ளளவு சரிவில் விழும். வரைபடம் நேராகப் போய்த் திடீரென்று ஒடிந்தால் எஃப்இசி தீர்ந்ததா என்று பார். 20, 30% ஊற்றலாமே என்று தோன்றும். சூட்டில் அது வாயு விடும், எல்ஐபிஎஃப்6 உப்போடு சேர்ந்து அமிலமும் தரும். கொஞ்சமாகத் தீரும்படி மேற்பரப்பைக் குறைப்பதுதான் முறை.

அடுத்தது மின்னழுத்த எல்லை. ஆனோடை 50 மில்லி வோல்ட்டுக்குக் கீழே கொண்டுபோகாதே. அதற்குக் கீழேதான் படிக வடிவ லித்தியம் சிலிசைடு உருவாகிறது. அது உருவானால் திரும்பும் வழியில், துகள் சொன்ன மாதிரி, மறுபடியும் இரண்டு நிலைக்கு நடுவே கூர்மையான எல்லை, மறுபடியும் இழுவை. அதைத் தவிர்த்தால் முதல் சுற்றுக்குப் பிறகு சிலிக்கான் படிகமில்லாமலே ஓடும், உப்பல் சீராக இருக்கும். 3579ஐயும் கறந்தாக வேண்டும் என்று இல்லை. பாதிக்கும் குறைவாகப் பயன்படுத்தினாலும் கிராஃபைட்டைப் போல நாலு மடங்கு கிடைக்கிறது.

மேல் எல்லையும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. சிலிக்கானை முழுக்கக் காலி செய்தால்தான் அதிகம் சுருங்குகிறது, அப்போதுதான் தொடர்பு அறுகிறது, படலம் உரிகிறது. ஃபுல் செல்லில் லித்தியம் தீரத் தீர, டிஸ்சார்ஜ் முடிவில் ஆனோடு இன்னும் இன்னும் காலியாகும். இழப்பு தன்னைத்தானே வேகப்படுத்திக்கொள்ளும். இரண்டு மின்முனைச் செல்லில் இது கண்ணுக்குத் தெரியாது. ஆனோடின் மின்னழுத்தத்தைத் தனியாக அளக்க, மூன்றாவதாக ஓர் ஒப்பீட்டு மின்முனை வைத்து ஒரு செல்லாவது கட்டு.

கடைசியாக, முன்கூட்டியே லித்தியம் ஏற்றுதல். செல் கட்டுவதற்கு முன் ஆனோடை லித்தியம் தகட்டோடு மின்பகுளி நனைந்த நிலையில் கொஞ்ச நேரம் தொடவிடு. அல்லது ஹாஃப் செல்லில் ஓட்டி, அளவோடு ஏற்றி, பிரித்துக் கட்டு. முதல் சுற்றில் போகும் 20% கேத்தோடின் கணக்கில் விழாது. கொஞ்சம் கூடுதலாக ஏற்றினால் அது சேமிப்பாகவும் நிற்கும், சிலிக்கான் அடிவரை காலியாகவும் விடாது. மேல் எல்லைக் கவலையும் அதிலேயே தீரும்.

பசைக்காரி

இதெல்லாம் ஒரே செல்லில் சேர்த்துச் செய்துவிடாதீர்கள் தம்பி. எது பலன் தந்தது என்று தெரியாமல் போய்விடும். ஒவ்வொன்றாக மாற்றுங்கள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது மூன்று செல். மறு சோதனையையும் ஒவ்வொரு தொகுப்பிலும் ஒரு செல்லுக்குச் செய்யுங்கள்.

பூச்சின் எடையையும் குறித்து வையுங்கள். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அரை மில்லிகிராம் பூசினால் எந்தப் பைண்டரும் வெற்றி பெறும். நிஜ செல்லுக்கு 3, 4 மில்லி ஆம்பியர் மணி வேண்டும். கனமான பூச்சில்தான் ஒட்டு உண்மையில் சோதிக்கப்படுகிறது.

புதுக்கலன்

ஏழு வாரம் கழித்து வருகிறேன். முதலில் எஃப்இசி மட்டும். 60ஆவது சுற்றில் இப்போது 80% நிற்கிறது. அடுத்து பிஹெச் 3, கலந்த அன்றே பூசுதல், கார்பன் பிளாக்கைப் பாதியாக்கி நானோகுழாய். பூச்சில் புள்ளிகள் போய்விட்டன, கூலும்பிக் திறன் 99.7 வரை ஏறியது. மறு சோதனையில் ஆனோடு கிட்டத்தட்ட முழுதாகத் திரும்பி வருகிறது. அதாவது தனித்துப்போன சிலிக்கான் இப்போது மிகக் குறைவு, மிச்ச இழப்பு எல்லாம் படலம்தான். லித்தியம் முன்கூட்டி ஏற்றிய செல்கள் 40ஆவது சுற்றில் இருக்கின்றன, இன்னும் சரிவு தெரியவில்லை. துகள் அண்ணா, உங்கள் 15 சதவீதத்தை அக்காவின் வைத்தியம் தீர்த்துவிட்டது.

துகள்

மகிழ்ச்சி. 99.7 என்பதை ஐயாவின் கணக்கில் போட்டுப் பார்த்தால் 200 சுற்றுக்கு 55% வருகிறது. இன்னும் தூரம் இருக்கிறது, ஆனால் இப்போது எந்தத் திசையில் நடப்பது என்று தெரியும்.

கணக்குப்பிள்ளை

நன்றாகச் செய்திருக்கிறாய் தம்பி. வானோடிக்குச் சொல்வதாகச் சொன்ன பாக்கி ஒன்று இருக்கிறது, அதை உனக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

சுற்று எண்ணிக்கை மட்டும் ஆயுள் இல்லை. சிலிக்கான் செல் சும்மா இருந்தாலும் மூப்படையும். கிராஃபைட்டின் படலம் காலப்போக்கில் அடங்கிவிடுகிறது. சிலிக்கானின் படலத்தில் சில பகுதிகள் மின்பகுளியில் மெதுவாகக் கரைகின்றன. கரைந்த இடத்தில் லித்தியம் ஏறிய சிலிக்கான் மறுபடி மின்பகுளியைத் தொடுகிறது. உப்பலும் இல்லை, சுருக்கமும் இல்லை, ஆனாலும் லித்தியம் போகிறது. சார்ஜ் நிறைந்திருக்கும்போது இது வேகமாக நடக்கும். 1000 சுற்று ஓடிய சிலிக்கான் செல்கள்கூட நாள்கணக்கு ஆயுளில் கிராஃபைட்டுக்குப் பின்னால் நிற்பதற்குக் காரணம் இதுதான். கார் பேட்டரி 10 ஆண்டாவது நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள், அதன் வாழ்நாளில் பெரும்பகுதி சும்மா நிற்பதுதான்.

வேகமான சுற்றில் சோதித்தால் இது மறைந்துவிடும். உன் புது செல்களில் சிலவற்றைச் சார்ஜ் செய்து ஓய்வில் வை, மாதம் ஒருமுறை எடுத்துக் கொள்ளளவு பார். இன்னும் சிலவற்றை ஒரே மின்னழுத்தத்தில் பிடித்துவைத்து, கசியும் மின்னோட்டம் எங்கே போய் நிற்கிறது என்று பார். அது பூஜ்யத்தை நோக்கி இறங்கிக்கொண்டே போகிறதா, அல்லது ஓர் அளவில் நின்றுவிடுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். நின்றுவிட்டால் படலம் காவல் காக்கவில்லை.

புதுக்கலன்

ஐயா, இன்றைக்கே ஆறு செல்களை ஒதுக்கிவிட்டேன். மூன்று முழுச் சார்ஜில், மூன்று பாதியில், 30 டிகிரி பெட்டிக்குள். இரண்டு செல்கள் மின்னழுத்தப் பிடிப்பில் இருக்கின்றன. முதல் ஐந்து மணி நேரத்தில் மின்னோட்டம் வேகமாக இறங்கியது, இப்போது மெதுவாக இறங்குகிறது. இன்னும் ஒரு வாரம் விட்டுவைத்து, வரைபடத்தை இங்கே போடுகிறேன்.

வானோடி

நானும் இரண்டு மாதமாக 30%இல் இறக்கிவிடுகிறேன். பறக்கும் நேரம் குறைகிறது, அது உண்மை. புது பேட்டரிகள் இரண்டை ஒரே நாளில் வாங்கி, ஒன்றைப் பழையபடியும் ஒன்றை இப்படியும் ஓட்டுகிறேன். மாதக் கடைசியில் இரண்டின் கொள்ளளவையும் எழுதுகிறேன், துகள் பார்த்துச் சொல்ல வேண்டும்.